நாலாவது கயிறு

மோஹாவைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி. அந்தச் சோம்பேறித்தனம் போதாதா?

எர்ராஷிதியாவிலிருந்து மெக்னெஸுக்கு லாரி ஓட்டி வரும் வழியில், திமஹ்தித் சந்தையில் இறங்கி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு செம்மறிக் கிடா வாங்கினான். நல்ல கிடாதான். கட்டத்தான் கயிறு இல்லை. சந்தையின் மறுகோடியில் கயிறு விற்றார்கள், அதுவரை நடக்க அவனுக்கு மனசில்லை. லாரிக்குள், இத்தோ அக்காவின் மகன் இதிர் மெக்னெஸுக்கு அனுப்பிய பைக் நாலு கயிற்றில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றை அவிழ்த்துக் கிடாவைக் கட்டினான். அஸ்ரூ இறக்கத்தில் முதல் வளைவிலேயே பைக் சாய்ந்து விழுந்தது. முன் ஃபோர்க் வளைந்தது, டேங்க் ஒடுங்கியது. கிடாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சரக்கோடு ஆடுமாடு ஏற்றினால் காப்பீடு கிடையாது, நஷ்டம் டிரைவர் தலையில். அதனால் கிடாவை முதலில் வீட்டில் இறக்கிவிட்டு, லாரிக்குள் சிந்திய புழுக்கையைப் பெருக்கிவிட்டு, பிறகுதான் கிடங்குக்குப் போனான். நாய் குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன் என்று சொல்வதாக யோசனை. காப்பீட்டுக்காரன் கொடுத்துவிட்டுப் போகிறான், யார் வயிற்றில் அடிக்கிறோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து சேதம் பார்க்க வந்த ஸிஹாம் பொறுமையான பெண். மோஹா சொன்ன நாய்க் கதையைக் கேட்டுக்கொண்டே பைக்கைச் சுற்றி வந்தாள்.

“மூணு கயிறுதான் இருக்கு. யார் கட்டினது?”

“நான்தான் மேடம்,” என்றான் இதிர். பைக்கை எடுத்துப்போக பஸ்ஸில் வந்திருந்தான். பெருநாள் முடிந்ததும் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர வேண்டும். பைக் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

“பிரேக் அடிச்சதுக்கே விழுந்திருக்குன்னா கட்டு சரியில்லைன்னு அர்த்தம். அனுப்புறவங்க சரியாக் கட்டலைன்னா எங்க காப்பீட்டுல வராதுப்பா.”

இப்படித் திரும்பும் என்று மோஹா நினைத்தே பார்க்கவில்லை.

“நாலு கட்டினதா ஞாபகம்...” இதிர் நெற்றியைத் தேய்த்தான். “அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்குங்க மாமா. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு.”

“அட, விடுடா,” என்றான் மோஹா. பையன் கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், அவனும் திருப்பிக் கத்தித் தப்பித்திருப்பான். மன்னிப்புக் கேட்பவனை என்ன செய்வது?

இதிர் அம்மாவுக்குப் போன் போட்டான். தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வெகுநேரம் தலைகுனிந்து வசவு வாங்கினான். பிறகு போனை நீட்டினான்.

“அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்.”

இத்தோ அக்காவின் குரல் உடைந்திருந்தது.

“மோஹா, இந்தக் கழுதைக்கு ஒரு முடிச்சுகூட ஒழுங்காப் போடத் தெரியலை பாரு. பெருநாள் நேரத்துல உன்னையும் இழுத்துவிட்டுட்டான். மனசுல வெச்சுக்காதப்பா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை அக்கா.”

“பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? ஆடு வாங்கியாச்சா?”

பெருநாள் வாரத்தில் எதிரே வருபவர் எல்லாரும் கேட்கும் கேள்விதான். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேருக்குச் சிரித்தபடி பதில் சொல்லியிருந்தான். இப்போது போனைக் காதில் வைத்தபடி சுற்றிப் பார்த்தான். ஸிஹாம் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். இதிர் வளைந்த ஃபோர்க்கைக் கையால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மோஹா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் அக்கா.” எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான். “ஆடு வாங்கிட்டேன். உங்க பையன் நாலு கயிறும் சரியாத்தான் கட்டினான். நாலாவது இப்ப என் வீட்டுல, அந்த ஆட்டோட கழுத்துல இருக்கு.”