செவ்வாய்க்கிழமைக்காரியின் மீதி நாட்கள்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. நின்றதால் வந்த வலி இல்லை அது. ஒரு சக்கரம் உடைந்து இடப்பக்கம் சாய்ந்த நாற்காலியில் பதினாறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வருகிற வலி. அப்படியொரு நாற்காலி ஊரின் மறுகோடியில், மிக்சி கம்பெனியின் மூன்றாம் மாடியில் இருந்தது. முந்தின நாள் மாலை ஆறு மணியிலிருந்து அதில் அவளேதான் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள். ஒரு பொருளுக்குப் பிடி எங்கே வர வேண்டும், எந்தப் பொத்தானைக் கை தானாகத் தேடிப் போகும், எதை வரையவே வேண்டாம் என்று சொல்கிற வேலை. அந்தக் கம்பெனி ஒரு மழைக்காலத்தில் ஷட்டரை இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டவையெல்லாம் சின்னக் கம்பெனிகள். படம் வரைய நாலைந்து பேர் இருப்பார்கள், போதும் நிறுத்து என்று சொல்ல ஒருத்தர் இருக்க மாட்டார். "முழு ஆளுக்கு எங்ககிட்ட தெம்பு இல்ல மேடம். வாரத்துல ஒரு நாள் வாங்க, மிச்ச நாளு பசங்க பாத்துக்குவாங்க" என்றார் மிக்சி முதலாளி. அப்படியே செவ்வாய்க்கிழமை மிக்சிக்கு, புதன் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு, வியாழன் பள்ளிக்கூட பெஞ்சுக்கு என்று போயிற்று. அவளுடைய அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். அம்மாவின் நாளை வாங்கியவர்கள் முழுதாக வாங்கினார்கள், சாயந்திரம் முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்சம் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். மகளின் வியாபாரம் அத்தனை சுத்தமாக இல்லை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன் ஆரம்பத்திலேயே சொன்னான்: "வாரத்துக்கு ஏழு நாள்தான் இருக்கு. பாத்து வித்துக்கம்மா."

அவள் ஆறு மணிக்குக் கிளம்பிப் போன பிறகும் நாற்காலியில் அவளில் ஒருத்தி தங்கிவிடுவது மூன்றாவது மாதத்தில் தொடங்கியது. தலைமை நாற்காலியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதால் முதல் இரண்டு வாரம் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டுகிற அம்மாதான் முதலில் கண்டாள். காலைத் தூக்கச் சொன்னாள், நாற்காலியில் இருந்தவள் தூக்கினாள், அந்த அம்மா கூட்டிவிட்டுப் போய்விட்டாள். தங்கியவள் டீ கொடுத்தால் குடிப்பாள். படத்தை நீட்டினால் பார்ப்பாள், விரலை வைத்துக் காட்டுவாள், "சரி" என்பாள், "வேணாம்" என்பாள். செவ்வாய் மாலை ஆறு மணி வரை நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, சொன்னாலும் நிற்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை இவள் வந்து பையை மேசைமேல் வைக்கும்போது நாற்காலி காலியாகவும் சூடாகவும் இருக்கும். விஷயம் தெரிந்ததும் முதலாளி நேராகக் கணக்கரிடம் போய், இதற்குத் தனியாகப் பில் வந்திருக்கிறதா என்று கேட்டார். வரவில்லை என்றதும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன் போட்டுக் கொடுத்தார். சக்கரத்தை மட்டும் சரி செய்யவில்லை.

பாட்டில் கம்பெனியிலும் பெஞ்சு கம்பெனியிலும் இதே கதைதான். கடைசியில் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது கணவன் வாசலில் நின்று உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ எப்ப வெளிய போன?"

"ஒரு மணி நேரம் ஆச்சேங்க."

"அப்ப இவ்வளவு நேரமா எங்கூட உக்காந்து டிவி பாத்தது?"

"நான் ஏதாவது பேசினேனா?"

"ம்னு சொன்ன, ம்ஹூம்னு சொன்ன. எப்பவும் போலத்தான்."

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. நான்கு இடத்து இடுப்புவலியும் ஓர் இடுப்பில் வந்து இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசித்தது. காலையில் கண் விழித்ததும் அவள் யோசிப்பது இன்றைக்கு என்ன கிழமை என்பதைக்கூட அல்ல. எழுந்து போகிறவள் நானா, தங்கிவிடுகிறவள் நானா என்பதைத்தான். பஸ் ஏறிவிட்டால் போகிறவள்தான் என்று ஒரு மாதிரி உறுதியாகும். இறங்கும் இடம் வருவதற்குள் அதுவும் ஆட்டம் கண்டுவிடும். கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? மூன்று கம்பெனிகளிலும் வேலை நன்றாக நடந்தது. குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. குறை இல்லாத இடத்தில் போய் என்னவென்று குறை சொல்வது என்று பேசாமல் இருந்தாள். இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று.

மிக்சி மூடியில் ஒரு பிளாஸ்டிக் பல் உண்டு. மூடியைத் திருகி மூடினால் அந்தப் பல் உடம்பில் உள்ள ஒரு துளைக்குள் போய் ஒரு சின்ன சுவிட்சை அமுக்கும். அப்போதுதான் மோட்டார் ஓடும். மூடி திறந்திருந்தால் ஓடாது. அந்தப் பல்லின் படத்தை ஒரு செவ்வாய்க்கிழமை அவளே மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தி, இது சரி என்றாள். வெள்ளிக்கிழமை சரக்கு வாங்குகிறவர் மலிவாக வேறொரு பிளாஸ்டிக் பிடித்து வந்தார். படம் மாறவில்லை. மூலையில் பொடி எழுத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் மட்டும் மாறியது. கம்ப்யூட்டரில் வரைந்தாலும் காதில் பென்சில் இல்லாமல் இருக்க முடியாத ஒரு பையன் அங்கே மூத்த வடிவமைப்பாளன். எல்லாருக்கும் அவன் பென்சில். அவன் அந்தத் தாளை நாற்காலிக்கு எடுத்துப் போய், "மேடம், இதானே, ஓகேயா?" என்றான். நாற்காலியில் இருந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குத் தெரிந்தது நல்ல பிளாஸ்டிக். அவள் தாளைப் பார்த்தாள், தானே திருத்திய பல்லைப் பார்த்தாள், "சரி" என்றாள். பென்சில் கீழே கையெழுத்துப் போட்டான். ஒருத்தரும் ஏமாற்றவில்லை, ஒருத்தரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ஹாஸ்டல் சமையலறையில், சூட்டில் இளகியிருந்த அந்தப் பல் முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. சுவிட்ச் அமுங்கியபடியே இருந்தது. சமையல்கார அம்மா ஓட்டம் நின்றதென்று மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டிய வெங்காயத்தை விரலால் தள்ளினாள். போயிருந்த கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. மூடி இருப்பதாகவே மிக்சி நினைத்துக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பென்சில் ஏற்கனவே அங்கே நின்றிருந்தான், காதில் பென்சில் இல்லாமல்.

"மேடம், நான் சுத்தி வளைக்கல" என்றார் முதலாளி. "நீங்க செவ்வாக்கிழமை ஆளு. பிளாஸ்டிக்க மாத்தி ஓகே பண்ணினது வெள்ளிக்கிழமை. நான் பாக்கல, நான் சொல்லலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கையெழுத்து இவனோடது. இவன வீட்டுக்கு அனுப்பிட்டா வெரலு போன அந்த அம்மாகிட்ட பேசி முடிச்சிடலாம்."

"மேடத்துகிட்ட காட்டினேன் சார்."

"எந்த மேடம்டா?"

பென்சில் வெளியே கை காட்டினான். அறைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்த நாற்காலி தெரிந்தது. இன்று செவ்வாய் என்பதால் அது காலியாக இருந்தது.

"எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றாள் அவள்.

"ஒரு வாரமா? நீங்க சொன்னீங்களா இல்லயான்னு உங்களுக்கே தெரியாதா?"

"தெரியல சார். அதான் கேக்குறேன்."

அதில் துளியும் பொய் இல்லை. எழுதிக் கொடுத்தால் பையனுக்கு வேலை போகும். கொடுக்காவிட்டால் தன் வேலை போகும். மற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் செய்தி போக எத்தனை நாள் ஆகிவிடும்? ஆனால் அந்தப் பயம்கூட இரண்டாவதுதான். செய்தேனா இல்லையா என்பது தெரியாமல் எதற்கென்று பயப்படுவது என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை, தன் நாளே இல்லாத நாளில், அவள் முதல் தடவையாக மூன்றாம் மாடிக்குப் போனாள். வரைகிறவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தன் முதுகு இவ்வளவு கூனிவிட்டதென்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மூடிப் பல்லுக்குப் பிளாஸ்டிக் மாத்தினாங்களே, நீ சரின்னு சொன்னியா?"

"பல்லு சரியாத்தான் இருக்கு" என்றாள் நாற்காலியில் இருந்தவள். "நானே திருத்தினேன்."

"ஒரு அம்மாவுக்கு விரல் போச்சு."

நாற்காலியில் இருந்தவள் முகம் வெளுத்தது, கண் கலங்கியது. மறு நிமிஷமே கேட்டது நிற்காமல் நழுவிப் போக, "என்ன கேட்ட?" என்றாள். இவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் வெளுத்து, மறுபடியும் நழுவியது. மூன்றாம் தடவை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. குற்றம் சாட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. இதென்ன ஆள் என்று எழுந்தவளுக்கு, பாதி எழுந்த நிலையில் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய வெள்ளிக்கிழமை அவள் காய்கறிக் கடையில் நின்றிருந்தாள். கடைக்காரர் எதுவும் கேட்காத நேரத்தில் அவள் வாயிலிருந்து "சரி" என்று வந்தது. விரல் நுனியில் தாளின் வழவழப்பு. கடைக்காரர் விலைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கிலோ தக்காளியைப் பையில் கொட்டினார். வீட்டில் நான்கு நாளாகத் தக்காளி அழுகியது.

செவ்வாய்க்கிழமை அவள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். சரி என்று சொன்னது நான்தான், பையன் என்னிடம் காட்டினான். முதலாளி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஏன் மேடம் இப்படி வம்ப வெலைக்கு வாங்குறீங்க?" என்றார். மூடிகளை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார், அவளை இனி வர வேண்டாம் என்றார். பென்சில் தப்பினான். அவள் அன்று பையை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு இறங்கிப் போன பிறகும் நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் இல்லாதவளை எப்படி நீக்குவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. பென்சில் ஓர் அட்டையில், புதுச் செய்தி சொல்ல வேண்டாம், நிற்காது என்று எழுதி நாற்காலி முதுகில் மாட்டினான். அந்தச் செவ்வாய் வரைக்கும் உள்ள எதைக் கேட்டாலும் அவள் இன்றைக்கும் பிசகாமல் சொல்கிறாள். புதன் கம்பெனிக்காரர்கள் செய்தி கேட்டு அவளை நிறுத்தினார்கள், மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். வியாழன்காரர்கள் கூப்பிடவே இல்லை.

எழுதிக் கொடுத்த அந்த வாரமே அவள் ஹாஸ்டல் சமையலறைக்குப் போனாள். சமையல்கார அம்மா கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கம்பெனியா? இதுவரைக்கும் மூணு பேரு வந்தாச்சு. மூணு பேரும் நான் இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ என்ன, நாலாவதா?"

"இல்லம்மா. சரின்னு சொன்னது நான்தான்."

அந்த அம்மா கையை நிறுத்தினாள். அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஏன் சொன்ன?"

"நான் அங்க இல்லம்மா. ஆனா நான்தான் சொன்னேன்."

"கொழப்பாத. இருந்தியா, இல்லயா?"

"ரெண்டும்தாம்மா. எனக்கே புரியல."

"நல்லா இருக்கு! வெரலு போனவளுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. போக வச்சவளுக்கு வந்திருக்கு பாரு." தண்ணீரை வடித்தாள். "வந்ததுதான் வந்த, உக்காரு. அந்த மூட்டை வெங்காயத்த உரி. நான் ஒத்தக் கையில எத்தனதான் பாப்பேன்?"

அவள் மாலை ஆறு மணி வரை உரித்தாள். மன்னிப்பு என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்து, திரும்பி உள்ளே பார்த்து, "அடியாத்தி, நீ இன்னும் போகலயா?" என்றாள். ஸ்டூலில் இருந்தவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஹாஸ்டலுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று, மிக்சி மூன்று மாறியாயிற்று. ஸ்டூலில் இருப்பவள் மட்டும் மாறவில்லை. அவளுக்கு அந்த நாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்றும் தெரியாது, ஆகவே, தான் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஒரு நாளும் மறப்பதில்லை. உரிக்கிறாள், நறுக்குகிறாள், மிக்சி ஓடும்போது மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கிறாள். சமையல்கார அம்மா அவளை வெங்காயக்காரி என்று கூப்பிடுகிறாள், சமயத்தில் திட்டுகிறாள், சாப்பாடு வைக்கிறாள். ஊரின் மறுகோடியில் பாட்டில் கம்பெனிக் கூட்டத்தின் நடுவே மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். அங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது, யாராவது ஒரு கைக்குட்டையை நகர்த்தி வைப்பார்கள், பேச்சு தொடரும். மாதம் ஒரு ஞாயிறு அவளே ஹாஸ்டலுக்கு வந்து, தன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மூட்டை உரித்துவிட்டுப் போகிறாள். சமையல்கார அம்மா இரண்டு பேருக்கும் டீ கொடுக்கிறாள். கடன் தீர்ந்தது என்று அந்த அம்மாவும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு ஒன்று, நகத்தோடு. அது இன்னும் பாக்கி.