மூன்று டிக்கெட், ஒரு தீவு, ஒரு மீசை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று தத்துவம் பேசாதீர்கள். இது அசல் பொய். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு பேரிடம், போனில், கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. யாரோ மூன்று பேர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்களாம். தீவுக்குப் போகும் படகில் மூன்று இடம், அங்கே கடலோரம் ஓர் அறை, நாளைக் காலை போய்த் திங்கள் காலை திரும்பலாம் என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். டீ குடிக்கக் கீழே இறங்கிய நான் மூன்று டிக்கெட்டோடு மேலே வந்தேன். ஒரு குடை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான்.

முதலில் என் தோழி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "நீயும் நானும் மட்டும்தான்டி. கூட என் சித்தி பொண்ணு வருவா, அவ பாட்டுக்கு இருப்பா." பிறகு டாக்டருக்கு. அதே வார்த்தைகள், அதே சித்தி பெண்.

(எனக்குச் சித்தியே கிடையாது. அது இருவருக்கும் நன்றாகத் தெரியும். மறந்தார்களா, மறந்த மாதிரி இருந்தார்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.)

2

மெக்கானிக் என்பவள் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். டாக்டர், பல் டாக்டர். மூவரும் மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். இப்போது இரண்டு வருடமாக அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் ஆரம்பம்: "நீலக்கடல் தன் அலைக்கரங்களை நீட்டி —" அடித்துவிட்டேன். கடலுக்குக் கை கிடையாது.

இரண்டாவது: "நட்பு என்பது —" அது என்னவென்று தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாவது, நடந்தது. படகுத்துறையில் டாக்டர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றாள். மெக்கானிக் தோளில் ஒரு பையோடு வந்தாள். அதற்குள் திருப்புளி இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"சித்தி பொண்ணு எங்க?" என்றாள் மெக்கானிக்.

"வரல."

"பொறந்தாதானே வர்றதுக்கு," என்றாள் டாக்டர்.

திரும்பிப் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. மெக்கானிக் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள், டாக்டர் பின்பக்கம். நான் நடுவில், மூன்று பேருடைய பைகளோடு.

3

சண்டை எதனால் என்று நீங்கள் கேட்பீர்கள். தோழிகளிடம் சொல்லும் முன்பே உங்களிடம் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் உண்மை பேசுவது சுலபம்.

மெக்கானிக்குக்கு லிஃப்டுக்குள் நிற்கப் பயம். லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு இருபது மாடி போவாள். உள்ளே நின்று கதவு மூடினால் மூச்சு முட்டும். இதை அவள் டாக்டரிடம் மட்டும்தான் சொன்னாள். ஒருமுறை பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்தபோது அதே மூச்சுமுட்டல் வந்துவிட்டது. சொல்லாமல் தப்ப முடியவில்லை.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டுச் சாவியைக் கொடுக்க ஒருநாள் அவள் வேலை செய்த கட்டடத்துக்குப் போனேன். கூட வேலை செய்யும் ஆண்கள் லிஃப்டில் ஏறினார்கள். "நீங்க போங்க, ஒரு போன் பேசிட்டு வரேன்," என்றாள். கதவு மூடியதும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள். பதினோரு மாடி. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்குள் எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

எழுதினேன். அவளை ஆணாக்கி, மீசை வைத்தேன். மீசை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். [இதைவிட அசட்டுத்தனமான வாக்கியம் இந்தக் கதையில் கிடையாது. அடிக்காமல் விடுகிறேன்.] வார இதழில் வந்தது. அவள் பணிமனையில் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். அதன்பிறகு போகிற இடமெல்லாம் அவளிடம் ஒரே கேள்வி: "கதவச் சாத்தட்டுமா?" அவளுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது.

"டாக்டர்தானே உனக்குச் சொன்னா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது. எழுதியதற்காக என்னை ஒரு மாதம் திட்டிவிட்டு மன்னித்தாள். சொன்னதற்காக டாக்டரை மன்னிக்கவில்லை.

உனக்கு யார் சொன்னது என்று டாக்டரும் கேட்டாள். அவளிடம், "அவளேதான் என்கிட்ட சொன்னா, இப்ப மாத்திப் பேசறா," என்றேன்.

இதுதான் நான். இதற்குமேல் படிக்க விருப்பமில்லை என்றால் புரிந்துகொள்வேன்.

4

தீவு அழகாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால் நகம் தெரிந்தது. மத்தியானம் மணல் சுட்டதில் மூவரும் நொண்டிக்கொண்டே நடந்தோம். திடீரென்று மழை கொட்டும், துணி எடுக்க ஓடுவதற்குள் வெயில் வந்துவிடும்.

அறையில் இரண்டு கட்டில், தரையில் ஒரு மெத்தை. மெத்தை எனக்கு. அவர்கள் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"ஃபேன் சத்தம் போடுதுன்னு அவகிட்ட சொல்லு."

"நட்டு லூசா இருக்கு, டைட் பண்ணப் போறேன்னு அவகிட்ட சொல்லு."

கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளம் பார்க்கப் போனோம். கீழே மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போக, டாக்டர் படகோட்டியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது என் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோனது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். அந்த அரை நொடிச் சிரிப்புக்காக இன்னொரு செருப்பையும் விட்டெறியத் தயாராக இருந்தேன்.

5

இப்போது முடிவு. சிலவற்றை முயன்று பார்த்தேன்.

முடிவு ஒன்று: புயல் வருகிறது, திரும்பும் படகு ரத்தாகிறது, பயத்தில் இருவரும் கட்டிக்கொண்டு — வேண்டாம். என் தப்பைப் புயல் வந்து சரிசெய்யும் என்பது சோம்பேறித்தனம்.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் கடிதமாக எழுதித் தலையணைக்கடியில் வைக்கிறேன். கிட்டத்தட்ட இதைச் செய்தேன். நாலு தடவை எழுதினேன். நாலாவது ரொம்ப நன்றாக வந்திருந்தது. மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் உவமை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. ஞாயிறு மதியம், மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் முதல்முறையாக டாக்டரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏன்டி சொன்ன?"

"நான் சொல்லல. நீயேதானே இவகிட்ட சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

"யாரும் சொல்லல," என்றேன். "நான் பாத்தேன். நீ படியில ஓடினதப் பாத்தேன். நீ வந்து கேட்டப்ப வாயத் தொறக்கல. இவகிட்ட பொய் சொன்னேன்."

உவமை ஒன்றும் வரவில்லை.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு வருஷம்டி. என் கிளினிக் தொறந்தப்ப இவ வரல. இவ அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். எல்லாம் உனக்குத் தெரியும்."

தெரியும். இருவரும் என்னிடம்தான் வந்து அழுதார்கள்.

மெக்கானிக் எழுந்து மணலைத் தட்டிவிட்டு டாக்டரிடம் கை நீட்டினாள். "வா." இருவரும் கரையோரமாக நடந்தார்கள். தூரத்தில் ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும் மற்றவள் தலையாட்டுவதும் தெரிந்தது. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. உரித்த ஆரஞ்சு முழுவதையும் நானே தின்றேன்.

6

திங்கட்கிழமை படகில் மெக்கானிக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

ஊருக்கு வந்து இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் இருவரிடமும் காட்டினேன். நான் இப்படிச் செய்வது இதுதான் முதல்முறை.

டாக்டர் பதில் அனுப்பினாள்: "இன்னும் கோவம் போகல. ஆனா போடு. நீ பொய் சொன்ன எடத்த இன்னும் அழுத்தி எழுது." எழுதினேன்.

மெக்கானிக் பென்சிலோடு நேரில் வந்தாள். "என் பயத்த எழுதிக்கோ. போன வாரம் நானே பணிமனையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உள்ள மாட்டினவங்களுக்கு எப்படி இருக்கும்னு என்னைவிட எவனுக்குடா தெரியும்னு கேட்டேன். ஒருத்தன் வாயத் தொறக்கல." பிறகு கடைசிப் பத்திக்கு வந்தாள். படகில் அவள் சொன்ன வாக்கியம் அங்கே இருந்தது. அதன்மேல் அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

"இது என்னோடது."

அதைவிட நல்ல முடிவு இந்தக் கதைக்கு அமையாது என்று ஓர் எழுத்துக்காரியாக எனக்குத் தெரியும். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்களே யோசித்து எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுக் கரை வரும்வரை நான் அழுததையும், டாக்டர் எழுந்து வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டியதையும் சொல்ல அனுமதி உண்டு.

மற்றதை நீங்கள் எவ்வளவு கேட்டாலும் சொல்லமாட்டேன்.