ஜோயலின் பந்து

“என் தம்பிய மிதிச்சுக் கொன்னது யாரு? பேரச் சொல்லுங்க.”

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா காலையிலும் சொல்லித்தான் அனுப்பினாள். கார்ஸ்டோ ஊரில் எண்ணூறு வருடமாக யாரும் கேட்டதில்லை. பப்பின் மாடியில் பீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரு தோல்பந்துக்காக அடித்துக்கொள்ளும். மேல்கரை ஒரு பக்கம், கீழ்க்கரை ஒரு பக்கம். கடை ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் பல்லை உடைத்துக்கொள்வார்கள். தொடக்க மணிக்கும் முடிவு மணிக்கும் நடுவில் எது நடந்தாலும் யார் பேரும் வெளியே வராது. சாவு விழுந்தால் அந்த வருடப் பந்தில் செத்தவன் பேரைத் தங்க நிறத்தில் எழுதி வீட்டாருக்குத் தருவார்கள். வீட்டார் அத்தனை பேரும் அதன்மேல் கை வைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது.

அம்மா எழுந்திருக்காமல் கிடந்த படுக்கைக்கே பந்தைக் கொண்டுபோய்க் கை வைக்கச் செய்திருந்தார்கள். அப்பா சற்றுமுன் வைத்தார். மிச்சம் நான்.

“சின்னப் பொண்ணு, துக்கத்துல பேசுது,” என்றார் ஏலக்காரர் கிளிஃப். ஆட்டக் குழுவின் தலைவர் அவர்தான். “கண்ணு, கூட்டம் சரிஞ்சு விழுந்துச்சு. அவன் அடியில மாட்டிக்கிட்டான். அவ்வளவுதான்.”

“பிணவறையில அவன் மூஞ்சியப் பார்த்தது நானு. தாடை ஒடைஞ்சு ஒரு காதுப் பக்கம் ஒதுங்கிக் கெடந்துச்சு. தொண்டையில பூட்ஸ் தடம், ஒண்ணு மேல ஒண்ணு. கூட்டம் விழுந்தா அப்படியா இருக்கும்?”

“போலீஸ்தான் விசாரிச்சாங்களே.”

விசாரித்தார்கள். முந்நூறு பேர் ஆடியிருந்தார்கள்; முந்நூறு பேரும் எதையும் பார்க்கவில்லை.

“பட்டம் வாங்குனா இப்படித்தான்,” என்றான் கறிக்கடை டேவி. “ராய், ஒம் பொண்ணு நமக்கு வரலாறு சொல்லிக்குடுக்குது பாரு. மொத மொதலா அந்தக் குடும்பத்துல எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச ஆளு.”

சிரித்தார்கள். அப்பா மேசைமேல் இருந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிக்குடுக்குறேன், கேளு,” என்றேன். “ஆட்டத்துக்கு உரிமைன்னு நீங்க காட்டுற ராஜா பட்டயம் வாரச் சந்தை நடத்தக் குடுத்தது. ஆளக் கொல்ல இல்ல.”

“எங்க தாத்தாவுக்கு இந்த ஆட்டத்துல ஒரு கண்ணு போச்சு. மூச்சு விட்டாரா? கைய வைடி,” என்றான் டேவி.

பாலாடைக்கட்டி நறுக்கிய கத்தி தட்டில் கிடந்தது. எடுத்துப் பந்தில் குத்தினேன், ஜோயல் என்ற பேருக்கு நடுவில். தோல் தடிமன். இரண்டு கையாலும் அழுத்திக் கிழித்தேன். உள்ளே திணித்திருந்த தக்கைத் தூள் மேசையெல்லாம் கொட்டியது.

டேவி என் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். கத்தி எங்கோ போய் விழுந்தது. உதடு பிளந்தது. வாய்க்குள் ரத்தமும் தக்கையும். மறுபடி தூக்கினான். கையில் கிடைத்த கோப்பையால் அவன் காதில் அடித்தேன், உடைந்தது, அவன் விடவில்லை. மறுபடி மோதினான். யாரும் எழவில்லை.

“விடுடா டேவி!” அப்பாவின் குரல். “ஒண்ணு பத்தாதா ஒனக்கு? இவளையுமா?”

டேவியின் கை தளர்ந்தது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“ராய், உக்காரு,” என்றார் கிளிஃப், மெதுவாக.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். “இவன் மிதிச்சத நீ பார்த்தியா?”

“பிரையனி...”

“பக்கத்துல நின்னியா?”

“சந்தை மண்டபத்துத் தூணுகிட்ட. நிறுத்துவான்னு நெனச்சேன். மணி அடிக்கலம்மா. மணி அடிக்காம நடுவுல புகுந்து ஒருத்தன இழுத்தா, ஊர் என்ன...”

“ஜோயல் ஒன்னப் பார்த்தானா?”

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அது போதும்.

டேவி காதைப் பொத்திக்கொண்டு இளித்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம். “எங்க வேணா போ. ராய் வாயத் தொறக்க மாட்டான். பந்துல கை வச்சவன் அவன்.”

“நான் வைக்கல,” என்றேன்.

ஒரு பல் ஆடியது. பிடுங்கி மேசையில் போட்டேன். மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“போலீஸ்கிட்ட என் பேரச் சொல்லிராத, கண்ணு. இந்த ஊர்ல நான் இருக்கணும்.”

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

“பார்த்தவன் பேர் ராய்னு சொல்லப்போறேன்பா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.