எத்தனை டன் தூக்கும்?

நான் படிப்பது பயோபிசிக்ஸ். எங்கள் தெருவுக்கு அது பிசியோவாகத்தான் காதில் விழுந்தது. பால் வாங்கப் போனால் முட்டி வலிக்கு வழி கேட்பார்கள். இது அந்தப் படிப்பு இல்லை என்றால் சிரித்துவிட்டு இடுப்பு வலியைச் சொல்வார்கள். நானும் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். அப்பாவும் அதைப் பிசியோ என்றே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அப்பா ஜெரால்ட், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். அவரோடு வேலை செய்யும் ஆசீர்வாதம் மாமா சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையைப் பாதி கழற்றி, வலது தோளை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நல்லா அழுத்திப் பாரு ஷைனி. கம்பெனி கிளினிக்ல பிசியோ வேலை உனக்குத்தான். உங்க நைனா மேனேஜராண்ட பேசிட்டாரு. புதன்கிழமை வரச் சொல்லிக்கிறாங்க.”

அப்பா மின்விசிறியை மாமா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை பெருமை.

அதே புதன்கிழமைக்குள் பெங்களூர் ஆய்வகத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருப்பதை வீட்டில் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் மேனேஜர் முன்னால் அப்பாவின் பேச்சு மதிப்பிழந்து போகும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும்.

“நான் பிசியோ இல்ல மாமா. அது வேற படிப்பு.”

டீயோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அப்போ இத்தினி நாளா இன்னாதான் படிச்சிக்கினு இருந்த?” என்றார் அப்பா.

எனக்கு முன்னால் படித்தவர்களைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று கணக்கிடுகிறாள். ஒருவர் மருந்துக் கம்பெனியில், எந்த மருந்து எந்தப் புரதத்தில் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார். அப்பா யார் வீட்டுப் பிள்ளைகள் கதையோ கேட்பதுபோலக் கேட்டார்.

“நீ இன்னா பண்ணப் போற?”

இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாமாவைக் கையை மடக்கச் சொன்னேன். தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன, ஓர் இழையைப் பிடித்து இழுத்து விட்டு மறுபடி பிடிக்கின்றன, கோடிக்கணக்கில் சேர்ந்து இழுப்பதால்தான் கை மடங்குகிறது என்றேன். அதில் ஒன்றைத் தனியாகப் பிடித்து, அது எவ்வளவு இழுக்கிறது என்று ஒளியை வைத்து அளக்கிறார்கள் என்றேன்.

“என் தோள்ல கிரேன் பிரேக்டவுன்னு சொல்லு,” என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தினி டன் தூக்கும்?”

“டன்லாம் இல்ல நைனா. கொசு றெக்கையே அதுக்கு மலை.”

“ஓவர்லோடு ஆனா வுட்ருமா?”

“சிலது வுட்ரும். சிலது இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் புடிக்கும்.”

“ஏன்?”

“கொஞ்சந்தான் தெரியும். மீதியப் பாக்கத்தான் பெங்களூர்ல கூப்ட்டுக்கிறாங்க. புதன்கிழமைக்குள்ள சொல்லணும்.”

அப்பா பேசவில்லை. அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தொங்குகிற சுமையின் ஆட்டம் அடங்கட்டும் என்று மேலே கேபினில் காத்திருப்பவரின் மௌனம் அது. டீ ஆறிப்போனது.

பிறகு மாமாவிடம், “மேனேஜராண்ட நானே சொல்லிக்கிறேன். நான்தான் தப்பா கேட்டுக்கினேன்,” என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஏன் இறுக்கிப் புடிக்குதுன்னு தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லு.”

தன் தோளை இனி யார் பார்ப்பது என்று முணுமுணுத்தபடி மாமா பொத்தானைப் போட்டார்.

பெங்களூருக்குப் பதில் அனுப்பிய மறுநாள், ரயிலுக்கு நிற்கையில் எங்கள் தெரு ஈஸ்வரி அக்கா பக்கத்தில் வந்தாள்.

“இன்னா ஷைனி, பெங்களூர்ல கிரேன் ஓட்டப் போறியாமே? உங்க நைனா சொல்லிக்கினு இருந்தாரு.”

திருத்த வாயெடுத்தேன். ரயில் வந்துகொண்டிருந்தது.

“சின்ன கிரேன்தான்க்கா,” என்றேன்.