ஆயில் கூலர் மாட்டிய ஞாயிறு

கலாவதிக்குக் குவாட் ஓட்டும் ஆசை வந்தது நாற்பத்தாறு வயதில். கோல சிலாங்கூர் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் அவள் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். கிளினிக் ஆட்களெல்லாம் உல்லாசப் பயணம் போன இடத்தில், பருத்த நாலு சக்கரம் வைத்த அந்த வண்டியில் அவளை உட்கார வைத்துச் சேற்றுப் பாதையில் ஒரு சுற்றுப் போகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு சுற்றோடு இறங்கிக் கைகால் கழுவப் போய்விட்டார்கள். கலாவதியை இறக்கத்தான் வண்டிக்காரர் படாத பாடு பட்டார்.

வீட்டுக்கு வந்தும் அந்த நினைப்பு விடவில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தஞ்சோங் காராங்கில் ஒரு சீனரிடம் பழைய ஸ்போர்ட் குவாட் ஒன்றை வாங்கி, லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து புக்கிட் பெலிம்பிங் வீட்டு வாசலில் இறக்கினாள். கணவர் சிவானந்தம் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அதிகம் பேசாத மனிதர். வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டு மட்டும் நல்லதா வாங்கு" என்றார். அந்த வாரமே மேனேஜரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மண் பாதைகளில் ஓட்ட அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். சந்தியோரம் உணவகம் நடத்தும் முகம்மது ஃபாரூக்கிடமும் ஒரு குவாட் இருந்ததால் துணைக்கும் ஆள் கிடைத்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பி புனிதன் வாயைத் திறக்கும் வரை.

புனிதன் சுங்கை சோவில் ஒரு லோரி பட்டறையில் மெக்கானிக். ஜெராமில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காளைக் காட்டி, "பேரன் பேத்தி எடுக்குற வயசுல எங்கக்கா சேத்துல உருண்டு விளையாடுது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். பந்தி முழுக்கச் சிரிப்பு. கலாவதி பாயசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தாள். அதோடு சரி. அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. அவள் செய்த தீபாவளிப் பலகாரம்கூடப் புனிதனின் மாமியார் வீட்டு ஆள் மூலமாகத்தான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாசியில் வெயில் கடுமையாகக் காய்ந்தது. ஒரு ஞாயிறு, தோட்டத்தின் உள்பக்கம் மழைக்காலப் பள்ளங்கள் இன்னும் காயாத இடத்தில் மெதுவாக ஓட்ட வேண்டியிருந்தது. காற்று பட்டால்தான் ஆறுகிற எஞ்சின் அது. ஊர்ந்து போகப் போகச் சூடு ஏறிக் கால்சட்டையைத் தாண்டித் தொடையைச் சுட்டது. கடைசியில் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. ஃபாரூக்தான் தன் வண்டியில் கயிறு கட்டி வீடுவரை இழுத்து வந்தான்.

"அக்கா, இதுக்கு ஆயில் கூலர் ஒண்ணு போட்டுருங்க" என்றான் அவன். "சின்ன ரேடியேட்டர் மாதிரிதான். எஞ்சின் ஆயிலு அதுக்குள்ள போயி, காத்துல ஆறி, திரும்ப வரும். நம்ம ஊரு வெயிலுக்கு அது இல்லாம முடியாதுலா."

கலாவதி இணையத்தில் தேடி ஒரு செட் வரவழைத்தாள். உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலத்தில் அலுமினியக் கூலர், எஃகு வலை பின்னிய இரண்டு ஓஸ் குழாய், தாங்கிகள், ஒரு பொட்டலம் நட்டு போல்ட்டு. கூடவே வந்த காகிதத்தில் படங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவளும் ஃபாரூக்குமாக மாட்டிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தாள். ஞாயிறு காலை வண்டிக்கு அடியில் தட்டு வைத்துப் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. புனிதன், கையில் ஸ்பானா பெட்டியோடு.

கலாவதி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சிவானந்தம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"மாமா கூப்பிட்டாரு" என்றான் புனிதன், யாரையும் பார்க்காமல்.

"வந்தது வந்துட்ட, அந்த முன் கவர கழட்டு" என்றாள் கலாவதி.

வேலை ஆரம்பித்தது. அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டது முழுக்க ஸ்பானா அளவுகள்தான். "பத்து." "இந்தா." "பன்னண்டு." "அது இல்ல, வளைஞ்சது." ஃபாரூக் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் சாமான் எடுத்துக் கொடுத்தபடி, சிரிப்பை அடக்க மிகவும் சிரமப்பட்டான்.

கூலரை எங்கே வைப்பது என்பதில்தான் முதல் முழு வாக்கியம் வந்தது. படத்தில் இருந்தபடி முன் பம்பருக்குப் பின்னால், கீழே வைத்துப் பிடித்தான் புனிதன்.

"அங்க வேணாம்" என்றாள் கலாவதி.

"படத்துல அங்கதான் போட்டிருக்கான்."

"படம் போட்டவன் நம்ம தோட்டத்துச் சேத்தப் பாத்திருக்க மாட்டான். முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா அங்கதான் போயி அப்பும். ஒரே ஓட்டத்துல அந்தத் தகடு இடுக்கெல்லாம் அடச்சிரும். அப்புறம் காத்து எங்க போறது? மேல வை. லைட்டுக்குப் பின்னால."

புனிதன் வண்டியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். பம்பர் கம்பியில் காய்ந்த சேறு விரற்கடைத் தடிமனுக்கு அப்பியிருந்தது. லைட்டுக்குப் பின்னால் கம்பி சுத்தமாக இருந்தது. கூலரை மேலே தூக்கி வைத்துப் பார்த்தான். பழைய சைக்கிள் டியூப்பைத் துண்டு போட்டுத் தாங்கிக்கு அடியில் மெத்தை மாதிரி வைத்து, அதிர்வில் தகடு விரிசல் விடாதபடி இறுக்கினான்.

ஓஸ் இழுத்துக்கொண்டு போனது கலாவதி. அவள் விட்ட வழி குறுக்கு வழிதான், ஆனால் புகை கக்கும் எக்ஸோஸ் குழாயை ஒட்டிப் போனது. புனிதன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இங்க விட்டீன்னா ஓஸு வெந்து போயிரும். கொதிக்கிற ஆயிலு உன் கால்லதான் ஊத்தும்."

அவனே அதை எடுத்து, சட்டத்தின் மறுபக்கமாக வளைத்துக் கொண்டுவந்தான். பிறகு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுக்கத் திருப்பிப் பார்த்தான். வலதுபக்கம் திருப்பும்போது ஓஸ் இழுபட்டது. மூட்டைத் தளர்த்தி, கொஞ்சம் சரித்து, மறுபடி திருப்பினான். இப்போது இழுக்கவில்லை. கலாவதி பிளாஸ்டிக் பட்டையால் கட்டினாள்.

புது ஆயில் ஊற்றினார்கள். கூலருக்குள்ளும் ஓஸுக்குள்ளும் போவதற்காக வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். எஞ்சினைத் தட்டியதும் உடனே பிடித்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சிவானந்தமும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து நின்றார்.

எஞ்சினோடு ஓஸ் சேரும் மூட்டில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. அடுத்தது திரண்டது.

புனிதன் எஞ்சினை அணைத்தான். பொட்டலத்தைக் கொட்டித் தேடினான். மூட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் போட வேண்டும். செட்டில் கூலர் பக்கத்துக்கு மட்டும்தான் புதிது இருந்தது. எஞ்சின் பக்கத்துக்கு, அங்கே முன்பே இருந்த பழைய வாஷர்களையே போட்டிருந்தான்.

"இன்னிக்கு எந்தக் கடையும் தொறந்திருக்காது" என்றான் ஃபாரூக். "நாளைக்கு ராவாங்குல பாக்கலாம்."

புனிதன் பழைய வாஷர்களைக் கழற்றி எடுத்து, துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். செருப்பை மாட்டினான். போகிறான் என்றுதான் கலாவதி நினைத்தாள். அவளுக்கு என்னவோ போல் ஆயிற்று. ஆனால் அவன் மோட்டர் சைக்கிள் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக அடுப்படிக்குள் நுழைந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

"இடுக்கி எங்க?"

எடுத்துக் கொடுத்தாள். அவன் வாஷரை இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நெருப்பில் காட்டினான்.

"என்னடா பண்ற?"

"செம்பு பழசானா கெட்டியாயிரும். அழுத்தினாலும் படியாது. செவக்கச் சுட்டு ஆத்துனா மறுபடி இளகிரும். அப்புறம் இறுக்கினா நல்லா படிஞ்சு பிடிச்சுக்கும்."

வாஷர் கறுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. கலாவதி கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்தாள். அவன் உள்ளே போட்டதும் சுர்ரென்றது. அடுத்ததை நெருப்பில் காட்டும்போது, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னிக்குப் பந்தியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

கலாவதி கிண்ணத்தை அவன் கைப்பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுக்குப் போனதும் என் பொண்டாட்டியே என்னைத் திட்டுனா. போன் பண்ணு, போன் பண்ணுன்னா. பண்ணலாம்னு எடுப்பேன், வச்சிருவேன். நாளாக நாளாக வெக்கமாப் போச்சு."

"எனக்கும் கோவம் எப்பவோ போயிருச்சு" என்றாள் கலாவதி. "நீயே வரட்டும்னு ஒரு வீம்பு. அவ்வளவுதான். கைய சுட்டுக்காத, சூடு."

வாஷரைத் தேய்த்து மினுக்கி மாட்டி இறுக்கினார்கள். எஞ்சினை ஓடவிட்டு மறுபடி குனிந்தார்கள். மூட்டில் ஈரம் இல்லை. ஃபாரூக் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்த விரலை எல்லாருக்கும் காட்டினான். கலாவதி கூலரைத் தொட்டாள். வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஆயில் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் புனிதன். "ஒரு சின்ன ரவுண்டு நான் போயிட்டு வரேன். சூடு ஏறுதான்னு பாக்கணும்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லோரியே ஓட்டுறேன்."

ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டி வாரை இழுத்து விட்டாள். "இந்தக் கட்டைவிரல்ல அமுக்குறதுதான் எண்ணெய், வேகம் கூட்டுறது. மெதுவா அமுக்கு." அவன் அமுக்கியதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. சமாளித்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போனான்.

ஃபாரூக் கடையைப் பார்க்கப் போய்விட்டான். கலாவதி குளித்து, சோறு வைத்து, நண்டுக் குழம்பு கூட்டி இறக்கினாள். புனிதன் வரவில்லை. சிவானந்தம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. வாய்க்கால் பக்கம் பாதை வழுக்கும். தெரியாதவன் வேகமாகப் போய்த் திருப்பினால் உள்ளே போய்விடுவான்.

"நான் போயி பாத்துட்டு வரேன்" என்று தம்பியின் மோட்டர் சைக்கிளையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே சக்கரத் தடம் தெளிவாக இருந்தது. முதலில் நேராகப் போயிருந்தது. அப்புறம் வளைந்தும் நெளிந்தும். ஓரிடத்தில் வேண்டுமென்றே சேற்றுக் குட்டைக்குள் இறங்கி ஏறியிருந்தது. தடத்தைப் பார்க்கப் பார்க்க அவள் பயம் குறைந்தது. பழக்குலை ஏற்றும் மேட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

அங்கே இருந்த பொட்டலில் புனிதன் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பின்சக்கரம் வழுக்கி வழுக்கி வர, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு. தலை முதல் கால் வரை சேறு. அக்காளைக் கண்டதும் நிறுத்தினான். ஹெல்மெட்டைத் தூக்கினால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

"சூடே ஏறலக்கா" என்றான் மூச்சு வாங்க. "எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஏறல. நானும் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கேன்."

கலாவதி மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து கூலரைப் பார்த்தாள். கீழே பம்பரில் புதுச்சேறு கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. மேலே தகடுகளில் இரண்டு மூன்று பொட்டு மட்டும். மூட்டுகள் காய்ந்திருந்தன.

"சரி, எறங்கு. நான் ஓட்டிட்டு வரேன், நீ மோட்டர்ல வா. சோறு ஆறுது."

புனிதன் இறங்கவில்லை. ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நீ மோட்டர்லயே வாக்கா" என்று சொல்லிக் கட்டைவிரலை அமுக்கினான். கலாவதி சேறு தெறிக்காத தூரம் விட்டு, அவன் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.