சத்தத்தை அணைத்துப் பார்த்த துண்டு

படமெடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் குறிப்பக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற ஒவ்வொரு துண்டுப் படத்துக்கும் எந்த இடம், என்ன நாள், யார் யார், வெயிலா மழையா என்று குறிப்பு எழுதுவது அவள் வேலை. ஏசி போட்ட ஒரு சின்ன அறையில் பெரிய சேமிப்புப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருக்கும். எல்லாத் துண்டும் அதற்குள்தான். நான்கு எடிட்டிங் கம்ப்யூட்டர்களும் அதோடு இணைந்தவை. அவள் தன் மேசையில் ஒரு வார்த்தை எழுதினால் நான்கிலும் அது தெரியும். "சிரிக்கிற பெரியவர், குடை, பேருந்து நிறுத்தம்" என்று யாராவது தேடினால் கண் மூடித் திறப்பதற்குள் பெரியவர் குடையோடு வந்து நிற்பார். குறிப்பு இல்லாத துண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, கர்வப்பட அவளுக்கு வேறென்ன இருந்தது?

அவளிடம் இரண்டு வழக்கங்கள். ஒன்று, எந்தத் துண்டையும் சத்தத்தை அணைத்துவிட்டு இரட்டை வேகத்தில்தான் பார்ப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு துண்டு பார்க்கிறவள் அத்தனை பேச்சையும் காதில் வாங்கினால் மண்டை வெடித்துவிடும். பேச்செல்லாம் எடிட்டர்கள் பாடு. இன்னொன்று, 'வேண்டாம்' என்ற குறி. ஆடிப்போன படம், இருட்டடித்த படம் எல்லாவற்றுக்கும் அதைப் போடுவாள். அது விழுந்த துண்டைப் பெட்டி தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தானாகவே அழித்துவிடும். முன்பெல்லாம் ஒரு துண்டை அழிக்க நாலு பேரிடம் கேட்க வேண்டும், குப்பை மலையாகக் குவிந்து கிடக்கும். டைரக்டரை நச்சரித்து நச்சரித்து இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவள்தான். அழிந்த துண்டுக்கும் தீப்பெட்டி அளவில் மங்கலாக ஓடும் ஒரு படம் தேடலில் மிஞ்சும். அதை நிழல் என்பார்கள். இடத்தை அடைக்கக் கூடாதென்று நிழலுக்குச் சத்தம் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் டைரக்டர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"போன வாரம் நூல் மில்லுல எடுத்தோம்ல, அன்னிக்கு மத்தியானம் அங்க ஒரு பொண்ணுக்கு மெஷின்ல கை மாட்டிடுச்சாம். விசாரணை நடக்குது. அந்த மெஷினை எடுத்த துண்டு ஏதாவது இருந்தா நாளைக்குள்ள குடுங்கன்னு கடுதாசி வந்திருக்கு. தேடிப் பாரு. இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா இல்லேன்னு எழுதிக் குடுத்துடலாம்."

இதைச் சொல்லும்போது அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மில்லின் மெக்கானிக் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. பெல்ட்டின் மேல் மாட்டும் இரும்பு மூடி இல்லாமல் மெஷின் ஓடியிருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன, மூடியைக் கழற்றிப் போட்டவன் மெக்கானிக்தான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு வாரமாக அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "என் மேல தப்பில்லக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்று பயம். அப்பா அம்மா போன பிறகு அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கை பிடித்து அழைத்துப் போனவள் அவள்தான். அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் பயம்.

மில் படங்கள் இன்னும் குறிப்பு எழுதாமல் கிடந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த மெஷினைக் காட்டியது ஒன்றுதான். தம்பி குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரால் நான்கு திருகாணிகளைக் கழற்றுகிறான். மூடியைத் தூக்கித் தரையில் வைக்கிறான். மெஷின் ஓடத் தொடங்குகிறது, சக்கரமும் பெல்ட்டும் பளிச்சென்று சுழல்கின்றன. மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே துண்டு முடிந்துவிடுகிறது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று நாற்பது.

அவள் அழிக்கவில்லை. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இடம் எழுதவில்லை, ஆள் எழுதவில்லை, ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பெட்டி எப்போதும் போல இரைந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தம்பி சவரம் செய்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பொண்ணைப் பார்த்தேன்க்கா. என் மூஞ்சியையே பார்க்க மாட்டேங்குறா. இனிமே என்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது."

"என்னடா சொல்ற?"

"மூடியைக் கழட்டச் சொன்னது உங்க டைரக்டர். சக்கரம் தெரிஞ்சாத்தான் படம் நல்லா இருக்கும்னாரு. மூடி இல்லாம ஓட்டக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டே நிமிஷம்னாரு, மேனேஜரும் தலையை ஆட்டிட்டாரு. எடுத்து முடிச்சதும், இன்னொரு வாட்டி எடுக்கணும், மாட்டாதீங்க, நாங்க சொல்றோம்னாரு. அதுக்குள்ள என்னைப் பக்கத்து ஷெட்டுக்குக் கூப்பிட்டாங்க. இவங்க ஒரு வார்த்தை சொல்லாம மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க. நான் திரும்ப வந்து பார்த்திருக்கணும். அது என் தப்புதான், இல்லேங்கல. ஆனா நானாக் கழட்டிப் போட்டேன்னு சொல்றாங்களே!"

"இதை ஏன்டா என்கிட்ட இத்தனை நாள் சொல்லல?"

"உன் முதலாளியாச்சே. உன் வேலைக்கு உலை வெச்சிடக் கூடாதுன்னுதான் அடக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு விசாரணை ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தப் படத்துல அவரு குரல் தெளிவா இருக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ சத்தம் வெச்சுப் பாருக்கா, போதும்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அன்றுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான். அதைப் பார்த்துக்கொண்டு, குறி போட்டதைச் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றாள். மூன்றாவது கம்ப்யூட்டரில் வேலை செய்யும் எடிட்டரை எல்லோரும் மூணாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியின் நெளிவு சுளிவு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்து சாயங்காலமே அந்த இடத்துல வேற படம் ஏறிடுச்சுக்கா. கேமரா கார்டையும் துடைச்சு வெளியூருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நிழல் மட்டும்தான் இருக்கு. சத்தம் இருக்காதே, பரவாயில்லையா?"

நிழலை அவள் முதல் முறையாக உரிய வேகத்தில் பார்த்தாள். தம்பி ஸ்க்ரூடிரைவரோடு குந்துவதற்கு முன்பு, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் யாரையோ நிமிர்ந்து பார்க்கிறான். முடியாது என்பதுபோல் தலையை ஆட்டுகிறான். என்னவோ சொல்கிறான். மறுபடியும் தலையை ஆட்டுகிறான். நேற்று இரட்டை வேகத்தில் அது ஈயை விரட்டுகிற மாதிரித் தெரிந்திருந்தது. அதன் பிறகு திருகாணிகளைக் கழற்றுகிறான். விசாரணைக்காரர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கழற்றியவன் இவன்தானே என்பார்கள். அவனுக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சியின் வாயைக் கட்டிப் புதைத்தவள் அவள்.

பத்து மணிக்கு டைரக்டர் வந்தார். "கிடைச்சுதா?"

"இல்ல சார். அழிஞ்சு போச்சு."

அவர் மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "விடு, நல்லதாப் போச்சு" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது.

"அந்த மெக்கானிக் என் தம்பி சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் நிழலுக்குக் கீழே குறி போட்டவர் பெயரும் நேரமும் இருந்தன. அதை விரலால் காட்டினார். "போட்டது நீ. வெளியில சொன்னா முதல்ல வேலை போறது உனக்குத்தான். யோசிச்சுக்கோ" என்றார். மிரட்டுகிற குரலில்லை. கெஞ்சல்தான் அதில் கூடுதலாக இருந்தது.

அவர் போன பிறகு நிழலின் குறிப்புப் பெட்டியைத் திறந்தாள். டைரக்டர் சொல்லித்தான் கழற்றினான் என்று எழுத விரல் துடித்தது. ஆனால் அந்தக் குரலை அவள் கேட்கவில்லையே. பதினைந்து வருஷத்தில் தான் பார்க்காத ஒன்றை அவள் குறிப்பில் எழுதியதில்லை. இப்போது எழுதினால் இவள் அக்கா, இவள் இப்படித்தான் எழுதுவாள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். தெரிந்ததை மட்டும் எழுதினாள்.

'மெக்கானிக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து இரண்டு முறை தலையாட்டி மறுக்கிறார். அதன் பிறகே மூடியைக் கழற்றுகிறார். முழுத் துண்டில் சத்தம் இருந்தது. அதை நான் கேட்கவில்லை. மெக்கானிக் என் தம்பி. துண்டை அழித்தது நான்.'

சேமித்தாள். நான்கு கம்ப்யூட்டர்களிலும் அது ஏறியிருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூணாம் நம்பர் திரையிலிருந்து தலையைத் தூக்கி இவளைப் பார்த்தாள். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, குறிப்பையும் பெயரையும் நேரத்தையும் ஒரே தாளில் அச்செடுத்தாள்.

பையை எடுக்கும்போது போன் அடித்தது.

"மில் கேட்டுல நிக்கறேன்க்கா. பதினொண்ணரைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவரு குரல் இருக்குல்ல?"

அவள் மறைக்காமல் சொன்னாள். பார்த்தது, பயந்தது, குறி போட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வர்றேன்டா. நான்தான் அழிச்சேன்னு அவங்ககிட்டயே சொல்றேன். நான் வர்ற வரைக்கும் உள்ள போயிடாதே" என்றாள்.

போனில் லாரி ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா" என்றான்.