முதல் தண்ணீர்

கதவைத் திறந்ததுமே அந்த வீட்டு அம்மா பாட்டிலை என் கையில் கொடுத்தார். தண்ணீர்ச் சோதனைக்காக முந்தின மாலை நான் வைத்துவிட்டுப் போன பாட்டில்.

"ஒரு பக்கெட் திறந்து விட்டுட்டுத்தான் பிடிச்சேன். ராத்திரி முழுக்கக் குழாயில கிடந்த தண்ணியக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அந்தக் கிடந்த தண்ணீர்தான் வேண்டும். பழைய குழாயின் ஈயம், தண்ணீர் அசையாமல் நிற்கும்போதுதான் அதிகம் கரையும். முந்தின நாளே சொல்லியிருந்தேன். என் குரல் யார் காதிலும் ஏறுவதில்லை. ஆய்வகத்தில் எனக்குப் பெயரே 'மியூட்'. பேசாமல் கிளம்பிவிடலாம். அறிக்கையில் இந்த வீடு சுத்தமாக இருக்கும்.

மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். மேசையில் பால் பவுடர் டப்பா.

"தினமும் காலையில முதல்ல குழாயத் திறக்கிறது யாரு?" என்றேன்.

"நான்தான். இவன் விடியுமுன்னே கச்சேரிய ஆரம்பிச்சிடுவான். அந்தத் தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் பால் கலக்குவேன்."

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. பாட்டிலை மேசையில் வைத்தேன்.

"இது வேண்டாம்மா. ஈயம் இருக்கான்னு பார்க்கணும். ராத்திரி முழுக்கக் குழாயில நின்ன முதல் தண்ணிதான் வேணும், நாளைக்கு வரேன். அதுவரைக்கும் பாப்பாவுக்குக் கேன் தண்ணி குடுங்க." குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஈயம் நல்லதுதானே? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே!"

"அது வெள்ளீயம். இது காரீயம். குழந்தை மூளைக்கு ஆகாது."

அந்த அம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சமையலறைக் குழாயின் தலையில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது, தலைவலிக்காரருக்குக் கட்டியதுபோல.

"ஒருத்தரும் தொடல. எங்க வீட்டுக்காரரக்கூடத் தாகத்தோட தூங்க வச்சிட்டேன்."

அன்று பிடித்த தண்ணீரில் ஈயத்தின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. குழந்தையின் ரத்தத்தையும் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை என்றார் டாக்டர். பிறகு தெருவைத் தோண்டிப் பழைய குழாயை எடுத்தார்கள். வேலையாள் அதைச் சாவியால் கீறிக் காட்டினார். கீறிய இடம் பளபளத்தது.

"இது வெள்ளியா இருந்திருக்கக் கூடாதா!" என்றார் அந்த அம்மா.

இன்று மறுசோதனை. புதுக் குழாய்த் தண்ணீர் இரவு முழுக்க நின்றிருக்கிறது. துண்டு மறுபடி கட்டியிருந்தது. முடிச்சு அவிழவில்லை, அவர் முனகிக்கொண்டே நகத்தால் நெம்பினார். மருமகள் இடுப்பிலிருந்த குழந்தை எட்டித் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். நான் பாட்டிலைக் குழாயின் அடியில் பிடித்துக்கொண்டு நின்றேன்.